ஓர் எழுத்துப் பிழையும் நூறு பவுண்டுக் கோரிக்கையும்

வண்டியை நிறுத்தியவர் உரிய காசைச் செலுத்திவிட்டார். நிலத்தை நிர்வகிக்கும் கம்பெனியும் அந்தக் காசைப் பெற்றுக்கொண்டது. ஆயினும், யந்திரத்தில் வாகனப் பதிவு எண்ணைத் தட்டும்போது ஓர் எழுத்து பிறழ்ந்துவிட்டது என்ற ஒரே காரணத்தினால், சில நாட்கள் கழித்து நூறு பவுண்டு வரை கேட்டு அவருடைய வீட்டுக்குக் கடிதம் வந்து சேருகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் கார் நிறுத்துமிடங்களை உபயோகிக்கும் ஜனங்களுக்கு இது அபூர்வமான அனுபவம் அன்று. மருத்துவமனை வாசலிலும் பெரிய அங்காடிகளின் முன்றிலிலும் நேரும் இந்தப் பிழை சட்டத்தின் பார்வையில் எத்தன்மையது, அதன் பாரத்தை யார் சுமப்பது நியாயம், கோரிக்கையை மறுக்க விரும்புபவருக்கு எந்தெந்த மார்க்கங்கள் திறந்திருக்கின்றன என்பவற்றை ஒருங்கே ஆராய்வது இக்கட்டுரையின் உத்தேசம். காசு செலுத்திய மனிதரிடம் விரலின் பிழையைக் காட்டி மறுபடியும் பணம் கேட்பது நியாயம் ஆகாது என்பது நமது அபிப்பிராயம். அதற்குரிய ஆதாரங்களையும், எதிர்த்தரப்பார் சொல்லும் சமாதானங்களையும் விரிவாகவே பார்ப்போம்.

முற்காலத்தில் காசைப் போட்டால் யந்திரம் ஒரு டிக்கெட்டைக் கொடுக்கும்; அதைக் கண்ணாடியின் உட்புறத்தில் வெளியே தெரியும்படி வைத்துவிட்டுப் போவது வழக்கம். நேரம் மிச்சமிருக்கையில் புறப்படுபவர் தம் டிக்கெட்டை அடுத்து வருபவருக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. இதைத் தடுக்கும் பொருட்டே டிக்கெட்டில் வண்டியின் எண்ணையும் அச்சிடும் முறை வந்தது. பின்னர், நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் கேமராக்களை நிறுவி, வண்டியின் எண்பலகையைத் தானே படித்துக்கொள்ளும் முறை பரவியது; இந்த முறையின் மூலக் கருவி 1976-இல் பிரிட்டிஷ் போலீஸ் ஆராய்ச்சிப் பிரிவில் உருவானது. இன்று பல இடங்களில் காகிதமே இல்லை. கேமரா ஒரு பக்கம் எண்ணைப் பதிகிறது; பணம் செலுத்தும் யந்திரமோ கைபேசிச் செயலியோ மறுபக்கம் ஓர் எண்ணைப் பதிகிறது; உணவு விடுதிகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் மேஜைமீது வைக்கப்பட்ட தொடுதிரையில் வாடிக்கையாளரே எண்ணை எழுதவேண்டியிருக்கிறது. இரண்டு பதிவுகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் விவகாரம் இல்லை. ஒத்துப்போகாவிடில், காசு செலுத்தாத வண்டி என்று கணினி முடிவு கட்டிவிடுகிறது.

பிழை எப்படியெல்லாம் நேரும் என்பதைச் சற்று நின்று கவனிக்கவேண்டும், ஏனெனில் கோரிக்கையின் நியாய அநியாயம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. 2001 முதல் பிரிட்டனில் வழங்கும் எண்பலகையில் முதலில் இரண்டு எழுத்துகளும், அடுத்து இரண்டு இலக்கங்களும், இறுதியில் மூன்று எழுத்துகளும் இருக்கின்றன. சட்டம் விதித்திருக்கும் எழுத்துருவில் ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்தும் பூஜ்யமும் ஒரே வடிவம் உடையவை. ஒன்று என்னும் இலக்கமும் ‘ஐ’ என்னும் எழுத்தும் அவ்வாறே. ஆக்ஸ்போர்டு வட்டாரத்து வண்டிகளின் எண் ‘ஓ’ என்னும் எழுத்தில்தான் தொடங்குகிறது. எந்த ஸ்தானத்தில் எழுத்து வரும், எந்த ஸ்தானத்தில் இலக்கம் வரும் என்ற ஒழுங்கை அறிந்தவருக்குச் சந்தேகம் வராது. அந்த ஒழுங்கை ஒவ்வொரு பிரஜையும் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பழைய வண்டிகளிலும் விலைகொடுத்து வாங்கிய விசேஷ எண்களிலும் இந்த ஒழுங்கே கிடையாது. அரசாங்கத்தின் எண்பலகை வேறுபடுத்திக் காட்டாத இரண்டு குறிகளை, மழையில் நின்றுகொண்டு சிறிய விசைகளைத் தட்டும் ஒரு முதியவர் வேறுபடுத்தவில்லை என்பதைக் குற்றமாக எண்ணுவது எவ்வளவு பொருந்தும் என்பதை வாசகரே சிந்திக்கலாம்.

இது தவிர, விசை ஒட்டிக்கொண்டு ஓர் எழுத்து இருமுறை விழுவது, முதல் எழுத்து மட்டும் பதிவாகி மற்றவை விழாமற்போவது, இரண்டு எழுத்துகள் இடம் மாறுவது ஆகியவை உண்டு. வீட்டில் இரண்டு வண்டிகள் இருந்தால் கணவர் மனைவியின் வண்டி எண்ணைத் தட்டிவிடுவதும், பழைய வண்டியை விற்றுப் புதியது வாங்கியவரின் கைபேசிச் செயலி பழைய எண்ணையே எடுத்துக்கொள்வதும், வாடகைக் காரின் எண் மனத்தில் நில்லாமல் தவறிப்போவதும் உண்டு. இவற்றுள் எதிலும் ஏமாற்றும் எண்ணம் இல்லை. மருத்துவமனையில் நோயாளியை இறக்கிவிட்டு ஓடிவந்து காசு செலுத்துபவரின் மனநிலையை அறிந்த எவரும் இதை ஒப்புக்கொள்வார்கள்.

கம்பெனிகள் சொல்லும் பதிலில் பலமான அம்சம் ஒன்று உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஒரு முறை காசு கட்டிவிட்டு இரண்டு வண்டிகளுக்கு அதைக் காட்டுவதைத் தடுக்கவேண்டுமானால் எண் சரியாக இருப்பது அவசியம் என்கிறார்கள். ஆனால் இந்த அச்சம் கேமரா இல்லாத காலத்துக்கு உரியது. இன்று அந்த நிலத்தில் நுழைந்த ஒவ்வொரு வண்டியின் எண்ணும், நுழைந்த நேரமும், வெளியேறிய நேரமும் கம்பெனியின் கையில் இருக்கின்றன. செலுத்தப்பட்ட ஒவ்வொரு தொகையும், அதனுடன் தட்டப்பட்ட எண்ணும், நேரமும் அதே கம்பெனியின் கையில் இருக்கின்றன. காசு கட்டாத வண்டி ஒன்று ஒரு கணக்கில் தனியே நிற்க, அதே நேரத்தில் வண்டியில்லாத காசு ஒன்று மறுகணக்கில் தனியே நிற்குமானால், இரண்டும் ஒருவருடையவையே என்று ஊகிக்கப் பெரிய சாமர்த்தியம் வேண்டியதில்லை. மனைவியின் வண்டி எண்ணைத் தட்டியதாக ஒருவர் சொன்னால், மனைவியின் வண்டி அன்றைய தினம் அங்கே நுழைந்ததா என்று கேமராப் பதிவைப் பார்த்தாலே உண்மை வெளிப்பட்டுவிடும். நுழையவில்லையென்றால் அந்தக் காசினால் வேறு எவரும் லாபம் அடையவில்லை என்பது நிச்சயம். இந்த ஒப்புநோக்கைச் செய்யும் சாதனம் கம்பெனியிடம் மட்டுமே உள்ளது, வண்டிக்காரரிடம் இல்லை. எண்ணின் சில குறிகளைத் தட்டியவுடன் உள்ளே நிற்கும் வண்டிகளின் படத்தைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லும் யந்திரங்கள் சில இடங்களில் வழக்கத்தில் இருக்கும்போது, கேமராவில் பதியாத எண்ணையும் தடையின்றி ஏற்றுக் காசை வாங்கிக்கொள்ளும் யந்திரத்தை வைத்தவர், பிழைக்குத் தமக்குச் சம்பந்தம் இல்லை என்று சொல்வது எடுபடாது.

இனிச் சட்டத்தின் அடிப்படை. நகரசபையார் பொதுச்சாலையில் விதிக்கும் அபராதம் 2004-ஆம் ஆண்டுப் போக்குவரத்து நிர்வாகச் சட்டத்தின்கீழ் வருவது. அதற்கு அரசாங்க அதிகாரம் உண்டு. தனியார் நிலத்தில் கேட்கப்படுவது அபராதம் அன்று. அறிவிப்புப் பலகையைப் படித்து உள்ளே நுழைந்தவர் ஓர் ஒப்பந்தத்துக்கு உடன்பட்டார், அதன் நிபந்தனையை மீறினார் என்று சொல்லிக் கேட்கப்படும் தொகையே அது. 2012-ஆம் ஆண்டுச் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் அவ்வருஷம் அக்டோபர் 1 முதல் தனியார் நிலத்தில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடும் கொடுமையை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒழித்தது; அதே சட்டத்தின் நான்காம் அட்டவணை, வண்டியை ஓட்டியவர் யார் என்று தெரியாதபோது பதிவு பெற்ற உடைமைதாரரிடம் பணத்தைக் கேட்கும் உரிமையைக் கம்பெனிகளுக்கு அளித்தது. ஒரு கையால் பூட்டைப் பறித்த சட்டம் மறு கையால் இந்த உரிமையைக் கொடுத்தது எனலாம். ஆனால் அந்த உரிமைக்கு நிபந்தனைகள் உண்டு. கண்ணாடியில் சீட்டு ஒட்டாமல் கேமராவை மட்டும் நம்பும் இடங்களில், நிகழ்ச்சிக்கு மறுநாள் தொடங்கி 14 நாட்களுக்குள் உடைமைதாரருக்கு அறிவிப்பு வந்து சேரவேண்டும்; குறிப்பிட்ட விவரங்கள் அதில் இருக்கவேண்டும்; தவறினால் உடைமைதாரர் பொறுப்பாளி ஆகமாட்டார். இவ்வட்டவணை ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் பொருந்தாது.

உடைமைதாரரின் பெயரும் விலாசமும் கம்பெனிக்கு எப்படிக் கிடைக்கின்றன? ஸ்வான்சி நகரில் உள்ள டி.வி.எல்.ஏ. என்னும் அரசாங்க வாகனப் பதிவு நிலையம், நியாயமான காரணம் காட்டுபவருக்கு விவரத்தைத் தரலாம் என்று 2002-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அங்கீகாரம் பெற்ற தொழில்துறையார் சங்கத்தில் உறுப்பினரான கம்பெனிக்கு ஒரு விவரத்துக்கு இரண்டரைப் பவுண்டு கட்டணத்தில் அது கிடைக்கிறது. அண்மை ஆண்டுகளில் இவ்வாறு கேட்கப்படும் விவரங்கள் வருஷத்துக்கு ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. தன் கையிலுள்ள இரண்டு கணக்குகளை ஒப்பிட்டுப் பார்க்காமலே ஒரு பிரஜையின் வீட்டு விலாசத்தைக் கேட்டு வாங்குவது நியாயமான காரணம் ஆகுமா என்ற கேள்விக்கு இன்னும் அதிகாரபூர்வமான விடை கிடைத்தபாடில்லை. கிடைக்கவேண்டும் என்பதே நமது ஆவல்.

இவ்விஷயத்தில் எந்தக் கம்பெனியும் முதலில் எடுத்துக் காட்டுவது 2015 நவம்பர் 4-இல் உச்ச நீதிமன்றம் அளித்த பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ் தீர்ப்பு. செல்ம்ஸ்போர்டு நகரின் ரிவர்சைடு வணிக வளாகத்தில் அப்போது இரண்டு மணி நேரம் இலவசமாக நிறுத்தலாம். அதற்கு மேல் நிறுத்தினால் 85 பவுண்டு. பாரி பீவிஸ் 2013 ஏப்ரலில் 56 நிமிஷம் கூடுதலாக நிறுத்தினார். நஷ்டத்துக்கு மிஞ்சிய தொகை தண்டனைத் தொகை, ஆகையால் செல்லாது என்று அவர் தரப்பில் வாதாடப்பட்டது. நூறாண்டுக் காலமாக வழங்கிவந்த 1915-ஆம் ஆண்டு டன்லப் தீர்ப்பின் அளவுகோலை மாற்றி, நிபந்தனையை நிறைவேற்றுவதில் கம்பெனிக்குள்ள நியாயமான அக்கறைக்கு முற்றிலும் மிஞ்சியதாக இருந்தால்தான் தொகை செல்லாது என்று நீதிமன்றம் வகுத்தது. கடைகளுக்கு வருவோருக்கு இடம் கிடைக்கும்படி வண்டிகள் நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும் என்பதும், இலவசமாக நடக்கும் அந்த ஏற்பாட்டின் செலவு இக்கட்டணத்திலிருந்துதான் வரவேண்டும் என்பதும் நியாயமான அக்கறைகள் எனப்பட்டன. நில உரிமையாளருக்குக் கம்பெனியே வாரம் ஆயிரம் பவுண்டு கொடுத்துவந்தது. ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் கம்பெனி பக்கம் நின்றனர். டௌல்சன் பிரபு ஒருவர் மட்டும் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி இது அநியாயமான நிபந்தனை என்று மாறுபட்டார்.

இத்தீர்ப்பைத் தூரத்திலிருந்து பார்ப்பவர், இனித் தனியார் கார் நிறுத்துமிடத்தில் எந்தக் கோரிக்கையையும் மறுக்க வழியில்லை என்று எண்ணிவிடலாம். அப்படி எண்ணுவது பிசகு. பீவிஸ் வழக்கில் நிபந்தனை மீறப்பட்டதற்குப் பொருள் இருந்தது. அவர் அதிக நேரம் நின்றதனால் வேறொருவருக்கு இடம் இல்லாமற்போகலாம். எண்ணைத் தவறாகத் தட்டியவர் எவருடைய இடத்தையும் அபகரிக்கவில்லை, நேரத்தை மீறவில்லை, கட்டணத்தை மறைக்கவில்லை. வண்டிகள் நகரவேண்டும் என்ற அக்கறை இங்கே பாதிக்கப்படவில்லை. வருமானம் வேண்டும் என்ற அக்கறையும் பாதிக்கப்படவில்லை, காசு வந்துசேர்ந்துவிட்டது. எஞ்சுவது கணக்கு ஒழுங்காக இருக்கவேண்டும் என்ற அக்கறை மட்டுமே. அந்த ஒன்றுக்காக, செலுத்திய கட்டணத்தைப் போலப் பன்மடங்கு தொகை கேட்பது உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலின்படியே மிஞ்சிய தொகையாகும் என்று வாதாட இடம் இருக்கிறது. மேலும் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், ஒரு நிபந்தனை நியாயமானதா என்பதைத் தரப்பினர் எழுப்பாவிட்டாலும் நீதிமன்றம் தானே ஆராயவேண்டும் என்றும், பொருள் ஐயத்துக்கு இடமானால் நுகர்வோருக்குச் சாதகமானதையே கொள்ளவேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. அற்பமான பிசகைச் சட்டம் பாராட்டுவதில்லை என்ற பழைய கோட்பாடும் துணை நிற்கிறது. இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும்: கவுண்டி நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு மற்றொரு வழக்கைக் கட்டுப்படுத்தாது, ஆதலால் ஒரே மாதிரியான பிழைக்கு ஓர் ஊரில் ஒரு முடிவும் வேறோர் ஊரில் வேறொரு முடிவும் வரக்கூடும்.

தொழில்துறையார் தாமே இயற்றிக்கொண்ட விதிகள் கவனத்துக்குரியவை, ஏனெனில் அவர்களுடைய வாயாலேயே ஒப்புக்கொண்ட விஷயம் அவற்றில் இருக்கிறது. பிரிட்டிஷ் பார்க்கிங் சங்கம் 2020-இல் வெளியிட்ட விதித்தொகுப்பு, எண்ணைத் தட்டுவதில் நேரும் பிழைகளைச் சிறியவை, பெரியவை என்று இரண்டாக வகுத்தது. பூஜ்யத்துக்குப் பதில் ‘ஓ’ என்று தட்டுவது, ஒரே ஒரு குறி தவறுவது, வரிசை மாறுவது ஆகியவை சிறியவை. காசு செலுத்தியிருந்தால், முதல் முறையீட்டிலேயே கோரிக்கையை ரத்துசெய்துவிட வேண்டும். துணைவரின் வண்டி எண்ணைத் தட்டுவது, ஒன்றுக்கு மேற்பட்ட குறிகள் தவறுவது, எண்ணின் ஒரு பகுதியை மட்டும் தட்டுவது, சம்பந்தமே இல்லாத எண்ணைத் தட்டுவது ஆகியவை பெரியவை; இவற்றில் கம்பெனிக்கு நேர்ந்த செலவுக்காக 20 பவுண்டுக்கு மேற்படாத தொகையை 14 நாள் அவகாசம் கொடுத்துக் கேட்கலாம். இந்தச் சங்கமும் மற்றொரு சங்கமான ஐ.பி.சி.யும் சேர்ந்து 2024-இல் வெளியிட்ட பொது விதித்தொகுப்பும் இதே பாதையில்தான் செல்கிறது.

சிறு பிழைக்குக் கொடுத்த விமோசனத்தை நாம் மனமார வரவேற்கிறோம். அந்த 20 பவுண்டு விஷயத்தில் நமக்கு உடன்பாடு இல்லை. செலவு எதனால் நேர்ந்தது? கணக்கை ஒப்பிடாமல் விலாசத்தைக் கேட்டு வாங்கியதனால் நேர்ந்தது. ஒருவருடைய வேலையை ஒருவர் செய்யாமல் விட்டதற்கு மற்றவர் பணம் கட்டவேண்டும் என்பது எந்தத் தர்மத்திலும் சேராது. மேலும், சிறிது, பெரிது என்ற எல்லைக்கோடு எழுத்துகளை எண்ணிப் போடப்பட்டது. மனிதரின் நோக்கத்தைப் பார்த்துப் போடப்பட்டதன்று. இரண்டு எழுத்து பிறழ்ந்தவர் ஓர் எழுத்து பிறழ்ந்தவரைவிட அதிகக் குற்றவாளி என்று எப்படிச் சொல்வது? காசு கட்டினாரா, வேறெவரேனும் அந்தக் காசினால் லாபம் அடைந்தாரா என்ற இரண்டு கேள்விகளே போதுமானவை.

அரசாங்கம் வாளாவிருந்தது என்று சொல்லமுடியாது. சர் கிரெக் நைட் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த தனியார் பார்க்கிங் விதித்தொகுப்புச் சட்டம் 2019 மார்ச்சில் நிறைவேறியது. அதன்படி 2022 பிப்ரவரியில் அரசாங்கமே ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டு, பெரும்பாலான கட்டணங்களை லண்டனுக்கு வெளியே 50 பவுண்டு அளவில் நிறுத்தவும், கடன் வசூல் என்ற பெயரில் மேற்கொண்டு தொகை சேர்ப்பதைத் தடுக்கவும் முற்பட்டது. கம்பெனிகள் நீதிமன்றம் சென்றன. அவ்வருஷம் ஜூன் மாதத்திலேயே அத்தொகுப்பு வாபஸ் பெறப்பட்டது. 2025 ஜூலையில் அரசாங்கம் பொதுமக்களின் கருத்தை மறுபடியும் கேட்டது. சட்டம் நிறைவேறி ஆறு வருஷங்களுக்குப் பிறகும் கருத்துக் கேட்கும் கட்டத்திலேயே நின்றது வருந்தத்தக்க தாமதம்.

கோரிக்கையை மறுப்பவர் செய்யவேண்டியவற்றில் முதன்மையானது, கடிதத்தைக் குப்பையில் போடாமலிருப்பது. அறிவிப்பின் தேதியிலிருந்து 28 நாட்களுக்குள் கம்பெனிக்கே முறையிடலாம். வங்கிக் கணக்கின் பதிவு, செயலி அனுப்பிய உறுதிச் செய்தி, டிக்கெட், கடை ரசீது ஆகியவற்றின் பிரதிகளை இணைத்து, எந்த எழுத்து எப்படிப் பிறழ்ந்தது என்பதைக் காட்டி, மேற்சொன்ன விதியைக் குறிப்பிட்டு எழுதினால், சிறு பிழை விஷயத்தில் அங்கேயே முடிந்துவிடவேண்டும். வண்டியை ஓட்டியவர் யார் என்று தனியார் கம்பெனிக்குத் தெரிவிக்கவேண்டிய சட்டக் கட்டாயம் உடைமைதாரருக்கு இல்லை. அறிவிப்பு 14 நாள் கெடுவுக்குள் வந்ததா என்று பார்க்கும்வரை அதைச் சொல்லாமலிருப்பது விவேகம். பொய் சொல்வது வேறு. அதை நாம் எவருக்கும் சிபாரிசு செய்யமாட்டோம். அங்காடியின் மேலாளரையோ மருத்துவமனை நிர்வாகத்தையோ அணுகிக் கேட்பதும் பயனுள்ளது. நிலம் அவர்களுடையதானால் கோரிக்கையைத் திரும்பப் பெறும்படி கம்பெனியிடம் சொல்லும் செல்வாக்கு அவர்களுக்கு உண்டு.

கம்பெனி மறுத்தால், பிரிட்டிஷ் பார்க்கிங் சங்க உறுப்பினரானவரின் விஷயத்தில் பாப்லா என்னும் மேல்முறையீட்டு அமைப்பிடம் 28 நாட்களுக்குள் செல்லலாம். கட்டணம் இல்லை. அதன் முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், வண்டிக்காரரைக் கட்டுப்படுத்தாது. ஐ.பி.சி. உறுப்பினருக்கு வேறு மேல்முறையீட்டுச் சேவை இருக்கிறது. இக்கட்டத்தில் முக்கியமான சாட்சியம் கம்பெனியின் பணப் பதிவேடே. அன்றைய தினம் குறித்த நேரத்தில் பதிவான எண்களின் பட்டியலைக் கேட்கவேண்டும்; தம்மைப் பற்றிய தகவல்களை ஒரு மாதத்துக்குள் தரும்படி தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கோரவும் உரிமை உண்டு. பட்டியலில் தம் எண்ணைப் போன்ற ஒரு பிறழ்ந்த எண் காணப்பட்டால், வாதம் பாதி வென்றதாகும்.

அதற்கு மேலும் விவகாரம் தொடர்ந்தால், வழக்குக்கு முந்திய கடிதம் வரும். பதில் எழுத 30 நாள் அவகாசம். கோரிக்கையுடன் 70 பவுண்டு வரை வசூல் செலவு என்று சேர்த்திருப்பார்கள். நான்காம் அட்டவணையின்படி உடைமைதாரரிடம் அறிவிப்பில் குறித்த தொகைக்கு மேல் கேட்கமுடியாது என்பதை நினைவில் வைக்கவேண்டும். வழக்குப் படிவம் வந்துவிட்டால், 14 நாட்களுக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்தால் எதிர்வாதம் தாக்கல் செய்ய மொத்தம் 28 நாட்கள் கிடைக்கும். பதிலே எழுதாமல் இருப்பவர்மீது ஒருதலைத் தீர்ப்பு விழுகிறது. ஒரு மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால் அத்தீர்ப்பு ஆறு வருஷம் பதிவேட்டில் நின்று வீட்டுக் கடன், வாடகை வீடு முதலியவற்றுக்கு இடையூறு செய்யும். சிறு வழக்குப் பிரிவில் தோற்றாலும் வக்கீல் செலவு என்று பெருந்தொகை சேராது; ஆகவே நியாயம் தம் பக்கம் இருப்பவர் வழக்கு என்ற சொல்லைக் கண்டு மிரளவேண்டியதில்லை.

லண்டனிலும் பிற நகரங்களிலும் வாழும் நம்மவர் பலர், வக்கீல் பெயர் அச்சிட்ட கடிதம் ஒன்று வந்தவுடன், மானத்துக்கு அஞ்சியும் ஆங்கிலத்தில் எழுதி வாதாடத் தயங்கியும், கட்டவேண்டாத பணத்தைச் சலுகைத் தேதிக்குள் கட்டிவிடுகிறார்கள். அவர்களுக்கும், அவர்களுடைய பெற்றோருக்குக் கடிதம் படித்துச் சொல்லும் பிள்ளைகளுக்கும் நமது வேண்டுகோள் இதுதான்: காசு கட்டிய ரசீதைத் தேடி எடுங்கள், 28 நாட்கள் முடியுமுன் முறையீட்டை எழுதி அனுப்புங்கள், அனுப்பிய தேதிக்குரிய அத்தாட்சியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.